பரிசீலனையில் ஒரு நாற்காலி

மனைவியைக் கேட்காமல் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளாவது வாங்கிவிடுவது என்று டார்ச்சர் முடிவு செய்தபோது தரையில் படுத்திருந்தார். பெரிய முடிவுகளை அவர் படுத்துக்கொண்டுதான் எடுப்பார். எழுந்து உட்கார்ந்தால் முடிவு கலைந்துவிடும்.

டார்ச்சர் என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. சினிமாக் கொட்டகையில் டார்ச் லைட் அடித்து ஜனங்களுக்கு இடம் காட்டும் வேலை பார்த்தவர். முதலில் தெருவில் 'டார்ச்சு' என்றார்கள். தலை நரைத்ததும் மரியாதைக்கு ஒரு 'அர்' சேர்த்தார்கள். தெருக்காரர்கள் ஒரு அர்த்தத்தில்தான் கூப்பிட்டார்கள். அவர் மனைவிக்கு இரண்டு அர்த்தமும் வசதியாக இருந்தது.

அந்தக் கொட்டகையை மூடிவிட்டார்கள். இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார்களாம். போகும்போது டார்ச்சை நீயே வைத்துக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அவரும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலில் அதற்கு வேலை இல்லாததால் அதையும் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டார்.

இருட்டில் தடுமாறி வந்த எத்தனையோ ஆயிரம் பேரை "இப்படி வாங்க, படி இருக்கு, கால் பார்த்து" என்று கூட்டிப்போய் உட்கார வைத்த மனுஷன். அவருக்கு மட்டும் அங்கே உட்கார இடம் கிடையாது. எல்லாப் படத்தையும் சுவரில் சாய்ந்து நின்றே பார்த்தார். அதனால்தான் அவருக்கு அந்த நாற்காலி மேல் அப்படி ஓர் ஆசை வந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மரச்சாமான் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்தது. பாக்கு நிற மெத்தை. பக்கத்தில் ஒரு பிடி. பிடியை இழுத்தால் முதுகு மெதுவாகப் பின்னால் போகும், கால் மெதுவாக மேலே வரும். கடைக்காரர் ஒருமுறை அதை யாருக்கோ இழுத்துக் காட்டினார். தெருவில் நின்று பார்த்த டார்ச்சருக்கு அப்போதே உடம்பு பின்னால் சாய்ந்தது. பின்னால் நின்ற கீரைக்காரி திட்டினாள்.

மனைவியைக் கேட்டால் வாங்கித் தரமாட்டாளா? தருவாள். அதுதான் வருத்தமே. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுக் குடும்பத்தை ஓட்டுகிறவள் அவள்தான். கொட்டகை மூடியதிலிருந்து டீக்குக்கூட அவளிடம்தான் கை நீட்டுகிறார். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே கொடுக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? வெட்கம்தான் மிஞ்சியது. அந்த வெட்கத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

வழி சொன்னவர் மேல்வீட்டு எலக்ட்ரீஷியன்.

"அண்ணே, வேலை போனவங்களுக்கு கவர்மெண்ட்டு நிவாரணத் தொகை குடுக்குது. போன்லயே விண்ணப்பம் போடலாம்."

"என்ன தகுதி வேணும்?"

"ஒரு வருமானமும் இருக்கக்கூடாது. எந்த வேலையும் பார்க்கக்கூடாது."

"அந்தத் தகுதி எனக்கு நிறையவே இருக்கு தம்பி," என்றார் டார்ச்சர். ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்றுக்குத் தகுதியானவன் என்பதில் அவருக்கு நெஞ்சு விம்மியது.

அன்றைக்கே மனைவி நூல் வாங்கப் போன நேரம் பார்த்து விண்ணப்பத்தைப் போட்டார். பெயர், முகவரி, முன்பு செய்த வேலை, இப்போது செய்யும் வேலை ("எதுவும் இல்லை" என்று அழுத்தமாக), வங்கிக் கணக்கு, கைப்பேசி எண். கடகடவென்று எல்லாம் நிரப்பி அனுப்பிய பிறகுதான் கையை உதறினார். அவர் போட்டது மனைவியின் எண்.

வேண்டுமென்று செய்ததல்ல. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், பேங்க் என்று எதற்கும் அவர் கொடுக்கும் எண் அதுதான். தன் எண் அவருக்கு மனப்பாடமே கிடையாது. தன்னைத்தானே யார் கூப்பிட்டுப் பேசப் போகிறார்கள்?

எண்ணை மாற்றலாமா என்று பார்த்தார். மாற்றலாம், ஆனால் அதற்குப் பழைய எண்ணுக்கு ஒரு ரகசிய எண் வருமாம். விண்ணப்பத்தின் நிலை அறியவும் அதே எண்ணுக்குத்தான் ரகசிய எண் வருமாம். மனைவிக்குத் தெரியாமல் செய்கிற காரியத்தின் ரகசியம் முழுவதும் மனைவியின் போனுக்கே வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் பூசணிக்காய்க்குள்ளேயே சோற்றை மறைக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை நிலை பார்த்த கதை இது. மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டார்ச்சர் தன் போனில் பட்டனை அமுக்கினார். மெஷின் மேல் கிடந்த மனைவியின் போன் 'டிங்' என்றது. டார்ச்சர் பூனை நடை நடந்து போய் அதை எடுத்தார்.

"என்னங்க?"

"மணி பார்க்கறேன்."

"சுவத்துல கடிகாரம் இருக்கே."

"அது ஓடுதான்னு இதுல பார்க்கறேன்."

"ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

ஆறு எண்ணையும் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, வந்த செய்தியை அழித்துவிட்டு, ஓட்டமாக உள்ளே போய்த் தட்டினார். திரை மெல்ல வெளுத்து, நடுவில் ஒரு வரி வந்தது: 'பரிசீலனையில் உள்ளது.'

டார்ச்சர் அதை இரண்டு தடவை படித்தார். அவர் கண் முதல் மூன்று எழுத்திலேயே நின்றுவிட்டது. பரிசு மாதிரித்தானே ஆரம்பிக்கிறது! இந்தச் சொல்லுக்குள் சீலம் இருக்கிறது, பரிசம் இருக்கிறது, காற்று வாங்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. பரி... சீ... லனை. ஊஞ்சல் போய்ப் போய் வருவதுபோல் அது ஆடியது. அதைச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

கனவில் பெரிய அறை ஒன்று வந்தது. உயரமான ஜன்னல். அகலமான மேஜை. மேஜைமேல் ஒரே ஒரு விண்ணப்பம். பரிசீலனை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே போகிற மேகத்தைப் பார்க்கிறார். பிறகு விண்ணப்பத்தைப் பார்க்கிறார். "பாவம், நின்னே காலம் தள்ளின மனுஷன்" என்று பெருமூச்சு விடுகிறார். மறுபடி மேகம். மறுபடி விண்ணப்பம். அவசரமே இல்லை. தன்னைப் பற்றி இத்தனை பொறுமையாக வேறு யாரும் யோசித்ததில்லை என்று டார்ச்சருக்குத் தூக்கத்திலேயே கண் கலங்கியது.

மறுநாளும் நிலை பார்க்கத் தோன்றியது. பணத்துக்காக என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்த அதிகாரி என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான்.

டிங்.

"இப்ப என்னங்க?"

"உன் போன் சூடா இருக்கான்னு பார்த்தேன்."

"அதுக்கென்ன காய்ச்சலா?"

"இந்தக் காலத்துல போனெல்லாம் வெடிக்குதாம்மா. எனக்கு இருக்கறது நீ ஒருத்திதானே."

அவள் மெஷினை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பார்வையே அளவு நாடா மாதிரி. பிறகு பக்கத்தில் குவிந்திருந்த வெள்ளைக் கோட்டுகளில் ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தைக்கிற கோட்டு. புதிதாகப் பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது.

"என்மேல அவ்வளவு அக்கறைன்னா இதுக்குப் பட்டன் தைச்சுக் குடுங்க. அப்புறம் போனை எடுத்துக்குங்க."

"பட்டனா? நானா?"

"போன்ல அமுக்கறதும் பட்டன்தானே? அந்தப் பட்டனை அமுக்கற விரல் இந்தப் பட்டனைத் தைக்காதா?"

சுவரோரம் உட்கார்ந்து தைத்தார். முதல் பட்டன் தலைகீழாக நின்றது. இரண்டாவதைத் தன் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டார். மூன்றாவதிலிருந்து கை பழகியது. ஊசி உள்ளே போய் வெளியே வர, மெஷின் கடகடவென்று ஒரே தாளத்தில் ஓட, அவருக்குக் கண் திறந்தபடியே கனவு வர ஆரம்பித்தது. கொட்டகை முழுக்க ஒரே இருட்டு. திரையில் மேகம் மட்டும் போகிறது. வரிசை வரிசையாக எல்லாமே பாக்கு நிறச் சாய்வு நாற்காலி. அதிகாரி டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். டார்ச்சர் விளக்கை அடித்து, "எங்க வேணும்னாலும் உட்காருங்க சார், எல்லாம் நம்ம இடம்தான்" என்கிறார். கூரையிலிருந்து வெள்ளைப் பட்டன்கள் சத்தமில்லாமல் உதிர்கின்றன.

இப்படித்தான் அது வழக்கமாகிவிட்டது. நிலை பார்க்க ஒரு கோட்டு. சில நாள் கழித்து இரண்டு கோட்டு. அப்புறம், "இன்னிக்குப் போன் வேணும்னா அஞ்சு" என்று அவளே விலையை ஏற்றினாள். நாள் தவறாமல் திரையில் அதே வரிதான். டார்ச்சருக்கு அது அலுக்கவே இல்லை. ஒரு நாள் அவளே நூல் விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, எவனோ ஒருத்தன் சாப்பாடானதும் எனக்கு ஆறு நம்பர் அனுப்பறான். யாரா இருக்கும்?"

டார்ச்சருக்கு ஊசி விரலில் ஏறியது. "லாட்டரிக்காரனா இருப்பான்."

"பரிசு விழுமா?"

"பரிசீ... பரிசெல்லாம் நமக்கு எங்க விழும்? நீ அதைப் படிக்காத. கண்ணு கெட்டுடும்."

"சரிங்க," என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. எவ்வளவு அப்பாவி என்று அவருக்கு மனைவிமேல் இரக்கமே வந்துவிட்டது.

இடையில் ஒரு மத்தியானம் அவள் ஏதோ காகிதத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். அப்போது டார்ச்சர் அதிகாரியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கனவு கலையாமல் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தார். கேஸ் சிலிண்டருக்காக இருக்கும்.

சில மாதம் போன பிறகு ஒரு நாள் திரை வெளுத்தது. வந்த வரி வேறு. 'விண்ணப்பதாரர் பணியில் இருப்பது கண்டறியப்பட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.'

டார்ச்சர் அதை மறுபடி படித்தார். பணியிலா? யார்? தான் வேலை இல்லாதவன் என்பது ஒன்றுதான் அவர் பெயரில் மிச்சமிருந்த சொத்து. அதையும் பிடுங்குகிறார்களே! "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நிவாரண அலுவலகத்துக்குப் புறப்பட்டார். அந்த அதிகாரியை நேரில் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு எடுத்துச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.

அலுவலகத்தில் உயரமான ஜன்னல் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை மறைத்து பீரோ போட்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த பெண் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம்மா. பரிசீலனை பண்ற சாரைப் பார்க்கணும்."

"அப்படி சார் யாரும் இல்லைங்க."

"லீவா?"

"அந்த வேலையே கம்ப்யூட்டர்தான் பார்க்குது. வேலையில இருக்கறவங்க பட்டியல்ல உங்க பேர் இருந்தா தள்ளிடும்."

"ஜன்னல் வழியா மேகம் பார்க்கற மாதிரி... ஒருத்தரும் இல்லையா?"

எழுத்தர் தும்மினார். அதுதான் பதில். பணம் போனதைவிட அந்த மனுஷர் போனது அவருக்கு வலித்தது. எத்தனை மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்!

பிறகு ரோஷம் வந்தது.

"நான் எந்த வேலையும் பார்க்கலம்மா. சத்தியமா சும்மா இருக்கேன். எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. அவ்வளவு எதுக்கு, என் சம்சாரத்தையே கேளுங்க."

"அவங்கதாங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

"என்னன்னு?"

எழுத்தர் திரையைப் பார்த்துப் படித்தார். "அவங்க தையல் கடையைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுல நீங்க பணியாளர். பட்டன் பிரிவு. சம்பளம் மாசாமாசம் உங்க பேங்க் கணக்குல ஏறுது. கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்களே."

"அது கேஸ் சிலிண்டர்மா!"

"கேஸ் சிலிண்டருக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"

"பட்டன் தைச்சது வேலையே இல்லம்மா. அது சும்மா... போன் எடுக்கறதுக்காக..."

"ஐயா, கொஞ்சம் கழுத்தை இப்படித் திருப்புங்க."

திருப்பினார்.

"உங்க காலர்ல குத்தியிருக்கே, அது என்ன?"

டார்ச்சர் தடவிப் பார்த்தார். ஊசி. அதில் நூல் கோத்திருந்தது. நூலின் நுனியில் ஒரு வெள்ளைப் பட்டன் தொங்கியது.

"இதைக் குத்திக்கிட்டு வேலை இல்லன்னு அப்பீல் போடப் போறீங்களா?" என்றார் எழுத்தர். இரண்டாவது தும்மல் வந்தது. அவர் சிரிப்பை அடக்கியதில் வந்த தும்மல் அது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகத் திரும்பி நடந்தார். சம்பளம் ஏறியது எப்படித் தெரியாமல் போயிற்று? வழியெல்லாம் யோசித்தார். பேங்க்கிலிருந்து வருகிற செய்தியும் அவள் போனுக்குத்தானே போகும்! அந்த எண்ணைத்தானே எங்கும் கொடுத்து வைத்திருக்கிறார்.

பஸ் நிறுத்தத்தில் கால் தானாக நின்றது. மரச்சாமான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி இல்லை. அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். யாரோ இந்நேரம் பிடியை இழுத்துச் சாய்ந்துகொண்டிருப்பார்கள். டார்ச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. கொட்டகை மூடிய அன்றுகூட அவர் அழவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. மெஷின் பக்கத்தில், சுவரோரம், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அது இருந்தது. பாக்கு நிற மெத்தை. பக்கத்தில் பிடி.

"நடந்தாச்சா?" என்றாள் மனைவி, தலையை நிமிர்த்தாமல்.

"இது... இது எப்படி இங்க?"

"வண்டியிலதான் வந்துச்சு. பட்டன் பிரிவு எத்தனை நாளைக்குத் தரையிலயே உட்காரும்?"

"உனக்கு எல்லாம் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். 'உங்கள் நிவாரண விண்ணப்பத்தின் நிலை அறிய ரகசிய எண்'ன்னு தமிழ்லதானே வருது? நீங்க வந்து அழிக்கறதுக்குள்ள நான் படிச்சுடுவேன்."

"அதுல யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குமே!"

"நான் யாருக்குங்க சொன்னேன்? உங்களுக்கு மட்டும்தான் குடுத்தேன்."

"அப்ப இந்த நாற்காலி? இதை நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே!"

"தூக்கத்துல 'சாயுது, இன்னும் கொஞ்சம் சாயுது'ன்னு தினம் சொன்னீங்க. நான் முதல்ல நம்ம சுவருதான் சாயுதுன்னு பயந்துட்டேன். மேல்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுத் தட்டிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் கீரைக்காரம்மா சொல்லிச்சு, நீங்க அந்தக் கடைவாசல்லயே நிக்கறீங்கன்னு."

டார்ச்சர் தலையைச் சொறிந்தார். காலர் ஊசி கையில் குத்தியது.

"என்னை வேலைக்கு வெச்சுக்கறதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மெஷின் நின்றது. அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா வந்திருப்பீங்களா? பெண்டாட்டிகிட்ட வேலை பார்க்கறதான்னு இன்னும் நாலு நாள் சேர்த்துப் படுத்திருப்பீங்க. அந்த ஆஸ்பத்திரிக்காரங்க பதிவு பண்ணின கடைக்குத்தான் ஆர்டராம், ரெண்டு பேராவது வேலை பார்க்கணுமாம். எனக்கு வேற யாருங்க இருக்கா? உங்க தையல் நல்லாவும் இருக்கு. ஒரு பட்டன் திரும்பி வரல."

கடைசியாகச் சொன்னது அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. ஒரு பட்டன்கூடத் திரும்பி வரவில்லை. கொட்டகையில் யாரும் அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் தோற்றுப்போனதை லேசில் ஒப்புக்கொள்ள முடியுமா?

"உன்னைக் கேட்காம வாங்கணும்னு நினைச்சேன்மா. ஒரே ஒரு பொருள்."

"நீங்க என்னைக் கேட்கவே இல்லையே? உங்க சம்பளத்துலதான் வாங்கினது."

கணக்கு சரிதான். மனைவியைக் கேட்காமல் அவர் வாங்க நினைத்த ஒரே பொருளை, அவரைக் கேட்காமல் மனைவி வாங்கிவிட்டாள். இதில் எங்கே ஏமாந்தோம் என்று கண்டுபிடிக்க நின்றுகொண்டு யோசிக்க முடியாது. டார்ச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தை அவரை மெதுவாக உள்வாங்கியது. பிடியை இழுத்தார். முதுகு பின்னால் போயிற்று. கால் மேலே வந்தது. கூரையில் ஒரு மேகம் வந்து நின்றது. தூரத்தில் அதிகாரி டிக்கெட்டோடு வருவதுபோல் இருந்தது. "வாங்க சார்," என்று வாய் திறந்தார்.

மடியில் தொப்பென்று ஐந்து கோட்டு விழுந்தது.

"நாளைக்குக் குடுக்கணும்," என்றாள் மனைவி.

டார்ச்சர் அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காலரிலிருந்து ஊசியை எடுத்தார். ஒரு கோட்டை முடித்தார். இரண்டாவதை எடுக்கும்போது, பணியாளர் என்று ஆகிவிட்டால் பணியாளருக்கு உரிமைகளும் உண்டே என்று ஞானோதயம் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முதலாளியம்மா, எனக்கு ஒரு நாள் லீவு வேணும். நாற்காலியில சும்மா சாய்ஞ்சு கிடக்க."

"அதுக்கென்ன, எழுதிக் குடுங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அளவு எழுதும் காகிதத்தின் பின்பக்கத்தில், உயர்திரு என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிந்த என்று முடித்து நீட்டினார். அவள் அதை முழுவதும் படித்தாள். இரண்டாக மடித்தாள். கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மூன்றாவது கோட்டு முடிந்தது. நான்காவதும் முடிந்தது. வெயில் தரையிலிருந்து எழுந்து சுவரில் ஏறிவிட்டது. ஐந்தாவதின் கடைசிப் பட்டனில் முடிச்சுப் போட்டுவிட்டு டார்ச்சர் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, என் லீவு என்ன ஆச்சு?"

அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"பரிசீலனையில இருக்கு."